மாத்திரைக்கும் தலைவலி

மார்ச் 4, செவ்வாய்

கண் சொட்டு மருந்தின் தாள், மூன்றாம் மெய்ப்பு. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் இந்தத் தாளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன். அதற்குத்தான் சம்பளம். அரிதாக மயக்கம், அரிதாகக் குழப்பம், அரிதாகப் பார்வை மங்கல். ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. முதுகலையில் மௌனத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். இப்போது காற்புள்ளி.

வீட்டுக்கு வந்து அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் உப்பு எங்கே என்று கேட்டேன்.

"உப்புக்குத் தலைவலி. வீட்டுக்குப் போயிடுச்சு."

சிரித்தேன். அம்மா இதைச் சொன்னால் சிரிப்பது இந்த வீட்டுப் பழக்கம். எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டதில்லை. உப்பு ஜன்னலோரம் இருந்தது.

மார்ச் 5, புதன்

மாலையில் பச்சைக்கொடி அழைத்தார். ரயில் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் அம்மாவின் சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் உடனே தலையாட்டிவிடுவார் என்பதால் அம்மா வைத்த பெயர். அம்மாவைவிட இருபது வயதாவது சின்னவர்.

"பதறாதீங்க. மேடமுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க வந்து கூட்டிட்டுப் போனா நல்லது."

பதறாதீங்க என்று கேட்ட பிறகு பதறாமல் இருந்தவர் யார்?

நடந்தது இது. வழக்கமான அறிவிப்புகள் எல்லாம் முன்பே பதிவு செய்து வைத்தவை. வண்டி தாமதமானாலோ பிளாட்பாரம் மாறினாலோ மட்டும் அம்மா மைக்கில் சொல்வாள். இருபத்தெட்டு வருடமாகச் சொல்கிறாள். இன்று ஆறு பத்து வண்டி இரண்டாம் பிளாட்பாரத்திலிருந்து நான்காவதுக்கு மாறியது. அம்மா மைக்கைத் திறந்து, அதே சீரான குரலில் சொன்னாளாம்:

"பயணிகள் கவனத்துக்கு. ஆறு பத்து வண்டிக்குத் தலைவலி. வீட்டுக்குப் போயிருக்கிறது."

சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டி ரத்து என்று நினைத்து வாசலுக்கு நடந்தார்கள். அதற்குள் வண்டி நான்காவதில் வந்து நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு ஓடினார்கள். நெரிசலில் ஒரு பெண் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அம்மா ஓய்வறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா ஒரு தமாஷ்டி. இதுக்குப் போய் உன்னை ஏன் வரவழைச்சாங்க?"

வெளியே வந்த பிறகு, "எந்தக் கை?" என்றாள். வலது என்றேன். 

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டேன். எங்கிருந்து வந்தது இந்தத் தலைவலி?

'விசாரணை ஜன்னல்' என்று ஒரு தொடராம். அம்மா பள்ளிக்கூடம் படித்தபோது ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வந்தது. கறுப்பு வெள்ளை. ஏதோ ஓர் அலுவலகம், அதில் விசாரணை என்று எழுதிய ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள். அதிகாரி எங்கே என்று கேட்டால், "அவருக்குத் தலைவலி, வீட்டுக்குப் போயிட்டார்." என் ஃபைல் எங்கே என்று கேட்டால், "ஃபைலுக்குத் தலைவலி, வீட்டுக்குப் போயிடுச்சு."

"ஒரு வாரம் ஒருத்தன் வந்து, ஐயா, நாற்காலி எங்கன்னு கேப்பான்..." முடிக்கும் முன்பே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"அந்த மூஞ்சியைப் பாக்கணும்டி. ஒரு அசைவு இருக்காது. அப்படியே கல்லு மாதிரி. ஊரே இதைச் சொல்லிட்டுத் திரிஞ்சுது அப்போ."

ஊரே. அந்த ஊர் இப்போது எங்கே? கட்டுப்பாட்டு அறையில் அம்மாவின் வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. பச்சைக்கொடி பிறப்பதற்கு முன்பே அந்த ஜன்னல் மூடியாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

குறிப்பாணை வந்துவிட்டது. அம்மாவுக்கு மைக் கிடையாது. பத்தொன்பதாம் தேதி மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும், குடும்பத்தார் ஒருவர் உடன் வர வேண்டும். அடுத்து வந்த வாக்கியத்தை மெய்ப்புப் பார்ப்பதுபோலத் திரும்பத் திரும்பப் படித்தேன்: "மேற்படி கூற்று நகைச்சுவை எனில், அதன் மூலம், உட்பொருள், சந்தர்ப்பப் பொருத்தம் ஆகியவற்றை எழுத்துமூலம் விளக்குக."

அம்மா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீதானே பெரிய படிப்பு படிச்சவ. விளக்கு."

மார்ச் 8, சனி

இணையத்தில் தேடினேன். காணொளி இல்லை. படம் இல்லை. அந்தக் காலத்து நாடாக்களை அழித்து அழித்து அவற்றின் மேலேயே செய்திகளைப் பதிவு செய்தார்களாம். ஒரே ஓர் இடத்தில், பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதியிருக்கிறார்: "விசாரணை ஜன்னல் யாருக்காவது நினைவிருக்கிறதா?"

கீழே பதில் எதுவும் இல்லை.

அப்படி ஒரு தொடரே இல்லையென்றால்? இந்தக் கேள்வி எப்போது எனக்குள் நுழைந்தது என்று தெரியவில்லை. நுழைந்ததும் தேடுவதை நிறுத்தினேன். அம்மா பக்கத்து அறையில் வானொலிப் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். வரிகள் சரியாக இருந்தன. கவனித்துக் கேட்டேன். அதுவே முதல் தடவை, அம்மா பாடுவதை நான் சரிபார்த்தது.

மார்ச் 9, ஞாயிறு

சித்தியை அழைத்தேன். அம்மாவின் ஒரே தங்கை. கடல் கடந்து இருக்கிறாள்.

"விசாரணை ஜன்னலா! அடிப்பாவி, உனக்கு யாரு சொன்னா அதை? உசுரே போயிடும் சிரிச்சு!"

இருக்கிறது. இருந்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"தலைவலின்னு அவன் சொல்வானா, உடனே வந்தவங்க கேப்பாங்க, மாத்திரை குடுத்தீங்களா? அவன் அதே மூஞ்சிய வச்சிக்கிட்டு, மாத்திரைக்கும் தலைவலி, அப்படிம்பான். டமால்னு ஜன்னலைச் சாத்திடுவான். ஸ்கூல்ல, கடையில, எங்க பாத்தாலும் இதுதான். யாராவது மாத்திரை குடுத்தீங்களான்னு ஆரம்பிச்சா போதும், கூட்டமே பதில் சொல்லும். உங்கம்மாவும் நானும் பாயில படுத்துக்கிட்டு மாத்தி மாத்திச் சொல்வோம். மாத்தியெல்லாம் இல்ல. அவ எப்பவும் பதில்தான். நான் கேள்வி. சின்னவளாப் பொறந்தா கேள்விதான்."

அழும் அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வராவிட்டாலும் நெஞ்சு லேசாகியிருந்தது. அம்மா சொன்னது நகைச்சுவைதான். சாட்சி இருக்கிறது. தப்பான இடத்தில் சொன்னாள், அவ்வளவுதான். கண்டிப்பார்கள், விட்டுவிடுவார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மூலம்: எழுதியாயிற்று. உட்பொருள்: எழுதியாயிற்று. "எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை தரும் அலுவலகப் போக்கை எள்ளி நகையாடுவது." இப்படி எழுதிய பிறகு அந்த நகைச்சுவை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. கால் அசையவில்லை.

சந்தர்ப்பப் பொருத்தம். இங்கே முட்டிக்கொண்டது. ஏன் அந்த நேரத்தில், அந்த வண்டிக்கு? மறுபடி சித்தி.

"அவன் எல்லாக் கேள்விக்குமே அதைத்தான் சொல்வானா சித்தி?"

"எல்லாத்துக்கும் சொன்னா அதுல என்னடி இருக்கு? தெரிஞ்சதுக்கு டக்குனு பதில் சொல்லிடுவான். தெரியாதப்பதான் தலைவலி. தெரியலைங்கற வார்த்தை மட்டும் அவன் வாயில வராது. அதுதானே தமாஷே!"

நன்றி சொல்லி ஃபோனை வைத்தேன். காகிதத்தில் எழுதினேன்: "தொடரில் வரும் ஆள் இவ்வசனத்தைச் சொல்வது, தனக்கு விடை தெரியாமல் போகும் சமயங்களில்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

அன்று உப்பு அவளுக்கு எதிரிலேயே, ஜன்னலோரம் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

எல்லாம் திரும்பி வருகிறது. போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டபோது, "பேருக்குத் தலைவலி." வங்கியில் கையெழுத்துப் போடும் இடத்தில், "தேதிக்குத் தலைவலி." காசாளர் சிரித்துக்கொண்டே தேதியைச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது சிரித்தோம், யாராவது பதிலை எடுத்துக் கொடுத்தோம். ஒரு தடவைகூட அவள் கையை வெறுமையாக விட்டதில்லை.

இன்று காலை, இயல்பாகக் கேட்பதுபோல, "அம்மா, போன ஞாயித்துக்கிழமை என்ன சமைச்சோம்?"

கரண்டியை வைத்தாள்.

"என்னடி? பரீட்சை வைக்கறியா?"

"இல்லம்மா."

"நோட்டு எடுத்துட்டு வந்து உக்காரு. மார்க் போடு."

என்ன சமைத்தோம் என்று சொல்லவில்லை. தலைவலி என்றும் சொல்லவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்தேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை சமைத்தது நினைவில்லை. இது எல்லோருக்கும் வருவது. இல்லையா? எல்லோருக்கும் வருவதுதானே?

மார்ச் 15, சனி

பச்சைக்கொடி வந்தார். அம்மா ஓய்வறையில் விட்டுவந்த தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் கொடுக்க. அம்மா கடைக்குப் போயிருந்தாள். வாசலிலேயே நின்றார்.

"மேடம் எங்களை எப்பவும் சிரிக்க வச்சிட்டே இருப்பாங்க. இன்டர்காம்ல பிளாட்பாரம் கேட்டா, பிளாட்பாரத்துக்குத் தலைவலிம்பாங்க. நாங்களே நம்பரைச் சொல்லிடுவோம். அப்புறம் மைக்ல கரெக்டா சொல்லிடுவாங்க."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம்..." யோசித்தார். "கூடவே இருக்கும்." அப்புறம் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் டீ குடிக்கப் போயிருந்தேன். பக்கத்துல யாரும் இல்ல."

பாட்டிலையும் சால்வையையும் வாங்கிக்கொண்டேன்.

"ஜோக்தானே அது?" என்று என்னைக் கேட்டார். முதல் தடவையாகத் தலையாட்டாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஜோக்தான்," என்றேன்.

அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது: அந்த ஆளுக்கும் பயம். என் பயத்தின் அதே அளவு.

மார்ச் 18, செவ்வாய்

விளக்கத்தை முடித்துவிட்டேன். "பணி நெருக்கடியில் தன்னையறியாமல் வெளிப்பட்ட பழைய வசனம்." சந்தர்ப்பப் பொருத்தம் என்ற தலைப்பின் கீழ் இவ்வளவுதான். மாத்திரை பற்றி எழுதவில்லை. எதற்கு இன்னொன்று.

அம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "படி, கேப்போம்," என்றாள். படித்தேன். காலரின் நுனிவரை இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோய்த் திருப்பினாள்.

"இதைக் கேட்டா பொணம்கூட சிரிக்காது."

அப்போதுதான் நாங்கள் இருவரும் சிரித்தோம். நிஜமாகவே. பல நாள் கழித்து.

சிரிப்பு அடங்கியதும், "நாளைக்கு நீ என் பக்கத்துலதானே உக்காருவே?" என்றாள்.

மார்ச் 19, புதன்

வரிசைப்படி எழுத வேண்டும். இல்லையென்றால் நானே இதை மாற்றிவிடுவேன்.

நீள மேசை. அந்தப் பக்கம் மூவர். பணியாளர் பிரிவு அதிகாரி, நரம்பியல் படித்த இளம் டாக்டர், நடுவில் குழுத் தலைவரான பெரிய டாக்டர். அவருக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும்.

இளம் டாக்டர் கேட்டார். இன்று என்ன தேதி, என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். அம்மா கணக்கு வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோலக் கழித்தாள். ஐந்து சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். நான்கைச் சொன்னாள். "வயசுக்குப் பரவாயில்லை," என்று எழுதிக்கொண்டார். நான் மூச்சு விட்டேன்.

பிறகு அதிகாரி என் விளக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஏலம் விடும் குரல். "மூலம்: விசாரணை ஜன்னல் எனும் தொலைக்காட்சித் தொடர்..."

"நிறுத்துங்க, நிறுத்துங்க." பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் பையன் முகமாக மாறிக்கொண்டிருந்தது. "விசாரணை ஜன்னலா? அட! யாருக்குமே ஞாபகம் இல்லைன்னு நினைச்சேனே!"

நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். மேசைமேல் முழங்கையை ஊன்றி, ஜன்னல் கம்பிக்கு வெளியே நிற்பவர்போலக் கழுத்தை நீட்டி, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"மாத்திரை குடுத்தீங்களா?"

அம்மா புன்னகை செய்தாள்.

எனக்கு அந்தப் புன்னகை தெரியும். வழி கேட்டு வரும் அந்நியர்களுக்குத் தரும் புன்னகை. மரியாதையானது. உள்ளே ஒன்றும் இல்லாதது. மின்விசிறி சுற்றியது. டாக்டர் காத்திருந்தார், புருவத்தைத் தூக்கியபடி, இப்போது வந்துவிடும் என்று. சித்தி சொன்னாளே, அவ எப்பவும் பதில்தான். இளம் டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அம்மா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"மாத்திரைக்கும் தலைவலி," என்றேன் நான்.

பெரிய டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்ததால் அதிகாரியும் சிரித்தார். கடைசியாக அம்மா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"பொண்ணுக்கே சொல்லிக் குடுத்திருக்கீங்களே!" என்றார் டாக்டர்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி தூரம் வந்த பிறகு:

"என்கிட்டதானே கேட்டார்?"

"ஆமாம்மா."

"சொல்லியிருப்பேன்." வெளியே பார்த்தபடி. "கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மார்ச் 20, வியாழன்

ஏன் வாயைத் திறந்தேன்? அவளுக்காகவா? அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை என்பதற்காகவா?

மௌனத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவளாம். தூ.

மார்ச் 22, சனி

உத்தரவு வந்தது. கண்டிப்புடன் விடுவிப்பு. திங்கள் முதல் பணிக்குத் திரும்பலாம். அம்மா சித்திக்கு அழைத்துச் சொன்னாள். குரலில் பழைய துள்ளல். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 24, திங்கள்

அலுவலகத்தில் சொல்லிவிட்டு மாலையில் ரயில் நிலையம் போனேன். அம்மாவுக்குத் தெரியாது. தூண் மறைவில் நின்றேன்.

மைக் திறக்கும்போது முதலில் ஒரு சின்ன 'டக்', பிறகு ஒரு மூச்சு. பிறகுதான் சொல். கூட்டம் அந்த மூச்சைக் கவனிப்பதில்லை. பைகளோடு, குழந்தைகளோடு, ஃபோனைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார்கள். அவள் எந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் போவார்கள். இவ்வளவு பேர்.

முதல் அறிவிப்பு சரி. இரண்டாவதும். அழகான குரல். அது என் அம்மாவின் குரல் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லத் தோன்றியது.

பிறகு ஆறு பத்து. டக். மூச்சு.

"பயணிகள் கவனத்துக்கு. ஆறு பத்து வண்டி இன்று..."

நின்றது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். என் எதிரே ஒரு சின்னப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.  சொல்லிடும்மா. ஏதாவது சொல்லிடு. இல்ல, ஏதாவது வேண்டாம், ஏதாவது மட்டும் வேண்டாம்.

"...மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வரும்."

மேலே கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மாவின் முதுகு. அவளுக்கு எதிரே பச்சைக்கொடி நின்றுகொண்டிருந்தார். மூன்று விரலைக் காட்டியபடி. என்னைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இறக்கினார்.

வண்டி மூன்றாவதில் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாளைக்கு அவர் மறுபடி டீ குடிக்கப் போனால்?

மார்ச் 25, செவ்வாய்

பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். தனியாக.

"டாக்டர், அன்னைக்கு பதில் சொன்னது நான்."

"தெரியும்மா." கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "கேள்வி அவங்களுக்கு, பதில் உங்க கிட்டேர்ந்து. நான் அங்கேயே நிறுத்தியிருக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒருத்தர் பதில் சொல்லிட்டாங்கன்னு சந்தோஷத்துல விட்டுட்டேன். மடத்தனம்."

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, வங்கி, இன்டர்காம், விரல்கள். பச்சைக்கொடியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

"மைக்கை இன்னைக்கே எடுத்துடச் சொல்றேன். ஸ்கேன் எடுக்கணும், சரியா டெஸ்ட் பண்ணணும். ஒண்ணு ஞாபகம் வச்சிக்கங்க. இனிமே அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லலைன்னா, சொல்லலைன்னுதான் நான் எழுதணும்."

தலையாட்டினேன். எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு போய் சொன்னா?"

"நான்தாம்மா."

"யாரைக் கேட்டு?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம்டி. மழை, கலவரம், உங்கப்பா செத்த வாரம், எல்லாத்திலயும் அந்த மைக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். என்னால ஒரு ஆளுக்கு ஒரு வண்டி தப்பிப் போனதில்ல."

"ஒண்ணு போச்சேம்மா."

ஐயோ. ஏன் சொன்னேன் அதை. சொல்லியிருக்கவே கூடாது. அம்மா அடிவாங்கின மாதிரி பார்த்தா. அப்புறம் சீருடையை அலமாரியிலேர்ந்து எடுத்து, மடிச்சு, என் கட்டில் மேல கொண்டு வந்து வச்சுட்டுப் போயிட்டா. இப்ப என் பக்கத்துல இருக்கு. இஸ்திரி மடிப்பு கலையாம.

ஏப்ரல் 2, புதன்

பேச்சில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

ஸ்கேன், சோதனைகள், எல்லாம் முடிந்து இன்று நோயின் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆரம்பக் கட்டம் என்றார்கள். நீண்ட விடுப்பு. மருந்துச் சீட்டைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாத்திரையின் தாளுக்கு இரண்டு வருடம் முன்பு நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். "இம்மருந்து நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளின் வேகத்தைச் சிலருக்குக் குறைக்கக்கூடும்." மூலப்படியில் "குறைக்கும்" என்றிருந்தது. "கூடும்" நான் சேர்த்தது. சரியான திருத்தம் என்று பாராட்டினார்கள்.

ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பா, வண்டி குலுங்கியதாலா? தெரியவில்லை. விடவில்லை நான்.

மே 11, ஞாயிறு

"சாவி எங்கம்மா?"

"தெரியலடி."

கதவருகே அப்படியே நின்றுவிட்டேன். என் நினைவு தெரிந்து அம்மா வாயில் இந்தச் சொல் வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு, இதைச் சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன். டாக்டர்கூட நல்ல அறிகுறி என்பார், ஒப்புக்கொள்கிறார், மறைக்கவில்லை என்பார்.

ஆனால் அவள் சாவிக்குத் தலைவலி என்று சொல்லக் காத்திருந்தேன். சிரிக்கக்கூடத் தயாராக வாயை வைத்திருந்தேன்.

மே 23, வெள்ளி

நானே சொல்லிப் பார்த்தேன். "பாலுக்குத் தலைவலிம்மா."

"பாலுக்கு எதுக்குடி தலைவலி?" என்றாள். கவலையோடு.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் சித்தி அழைத்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தோம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தோல் ஒரே சுற்றில் வருகிறது.

சித்தி எதையோ சொல்ல ஆரம்பித்துப் பழைய ஜன்னலுக்கே போய்விட்டாள். "அக்கா, அந்தக் குடை எபிசோடு!" அதை முழுசாகச் சொல்லி மூச்சு வாங்கச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், சித்தி சிரிக்கும் இடங்களிலெல்லாம், ஒரு கணம் தள்ளி. "சரிடி, உடம்பைப் பாத்துக்கோ," என்று தெளிவாகச் சொல்லி ஃபோனை வைத்தாள்.

வீடு அமைதியானது. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ எதுக்கு அப்படிச் சிரிச்சா?"

அவளுக்குப் பதிலாக நான் பதில் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் இது அந்த மாதிரிக் கேள்வி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒரு ஆபீஸ்ல ஒரு ஜன்னல் இருக்கும்மா. விசாரணைன்னு போட்டிருக்கும். அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருப்பான். அவன் சிரிக்கவே மாட்டான்."

"ஏன்?"

"அவன் மூஞ்சியே அப்படி. கல்லு மாதிரி. ஒருநாள் ஒருத்தர் வந்து, ஐயா, என் குடையைக் காணோம்ங்கறார். விரிச்ச குடையா, மூடின குடையா? மூடின குடைங்க. அப்போ அது தூங்குது, எழுந்ததும் அதுவே வீட்டுக்கு வந்துடும், போங்கன்னு ஜன்னலைச் சாத்திடறான்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  விளக்க வேண்டுமா? மூடிய குடை, மூடிய கண்... வேண்டாம் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

மெதுவாக, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல, அவள் உதட்டோரம் அசைந்தது. பிறகு தோள். பிறகு முழுசாகச் சிரித்தாள். சித்தியின் சிரிப்புக்குப் பின்னால் போகாமல், தானாக.

"நல்லா இருக்கே," என்றாள், கண்ணைப் புறங்கையால் துடைத்து. "நீயே யோசிச்சியா?"

"ஆமாம்மா."

"கெட்டிக்காரி." அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்லு."